கொதியில் போட்ட பவுடர்

ஜூலை 14, திங்கள்

பயிற்சி முகாமில் கொடுத்த டைரி ஆறு மாதமாகப் பெட்டியில் சும்மா கிடந்தது. இன்று எடுத்தேன். குளத்துக்கு என்ன போட்டோம், எத்தனை மீன் செத்தது என்று தினம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதினால் போயிற்று. எட்டாவது வரை நானும் படித்தவள்தான்.

இன்றிலிருந்து தீவனம் கிண்டுவது என் பொறுப்பு. எங்கள் மகளிர் குழுவில் எட்டுப் பேர். கடல் தண்ணீர் வந்துபோகும் கழி ஓரம் ஒரு குளம் எடுத்து இரண்டாயிரம் கொடுவாக் குஞ்சு விட்டிருக்கிறோம். இதுவரை என் ஓரகத்தி பூங்கோதைதான் கிண்டிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. நல்லவள்தான், ஆனால் ஆமை தோற்றுப்போகும். பொடிமீனும் சோயா மாவும் தவிடும் மரவள்ளி மாவும் வேகவைத்து இறக்க ஒரு மணி நேரம். அப்புறம் அதைப் பாயில் பரப்பி, கை வைத்துப் பார்த்து, திரும்ப உட்கார்ந்து, திரும்பக் கை வைத்துப் பார்த்து, கடைசியில்தான் வைட்டமின் பவுடர் தூவுவாள். மீன் பகல் பதினொரு மணி வரை பட்டினி. தலைவி ஜெயக்கொடியே சலித்துப்போய் என்னிடம் கொடுத்துவிட்டாள்.

முப்பது வருஷமாக இந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் மீன் குழம்பு என் கைதான். இரண்டாயிரம் மீனுக்குச் சமைக்க எனக்குத் தெரியாதா? பவுடரைக் கொதியிலேயே போட்டுக் கிண்டினேன். எந்தச் சரக்கும் கொதியில் இறங்கினால்தான் சாறு பிடிக்கும். மேலாகத் தூவினால் தண்ணீரில் கழுவிக்கொண்டு போய்விடாதா? எட்டரைக்கெல்லாம் மெஷினில் பிழிந்து குளத்தில் போட்டாகிவிட்டது.

பூங்கோதைக்கு முகம் விழுந்துவிட்டது. கூடவே வந்து ஏதேதோ சொன்னாள். கேட்டுக்கொண்டேன். போகும்போது, "எங் கையிலேருந்து புடுங்கிட்டீங்க. என்ன ஆவுதுன்னு பாருங்கக்கா" என்றாள். எல்லார் காதிலும் விழுந்தது.

ஜூலை 29, செவ்வாய்

மீன் நன்றாகத் தின்கிறது. சாவு இல்லை.

ஆகஸ்டு 15, வெள்ளி

கொடியேற்றத்துக்குப் போன ஜெயக்கொடி குளத்துக்கும் வந்து பார்த்தாள். மீன் ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. "ஒங் கை ராசி கனகா" என்றாள். பூங்கோதை பக்கத்தில்தான் நின்றாள். நான் சிரித்துக்கொண்டேன்.

ஆகஸ்டு 24, ஞாயிறு

ஒரு மீன் கோணலாக நீந்துகிறது. முதுகு நடுவில் மடிந்தமாதிரி. கொக்கு கொத்தியிருக்கும்.

ஆகஸ்டு 27, புதன்

கொக்கு இல்லை. இன்று பதினொரு மீன் அப்படி இருக்கிறது. மேனி கறுத்துப்போய், கரையோரம் வந்து தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தீவனம் போட்டால் மற்றவை பாய்கின்றன. இவை பார்த்துக்கொண்டே இருக்கின்றன. நான்கு செத்துவிட்டன. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், ரத்தம் கசிந்திருந்தது. மீனைக் கீழே போட்டுவிட்டேன். மீன் அறுத்தே கை காய்த்தவள் நான். ரத்தம் புதிதா என்ன?

ஆகஸ்டு 30, சனி

இன்று செத்தது பதினெட்டு.

சாயங்காலம் குளத்துப் பக்கம் போனபோது பூங்கோதை கரையில் நின்றாள். கையில் ஒயர் பை. என்னைப் பார்த்ததும் பையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு வடக்குப் பக்கமாக நடந்துவிட்டாள். அவள் மகள் செண்பகம் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வீட்டில் வேலை இருக்கும். அந்த நேரத்தில் இவளுக்குக் குளத்தில் என்ன வேலை?

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் கரை முழுக்க வெள்ளையாக இருந்தது. எண்ணினேன். நாற்பத்து மூன்று.  உடம்பில் புண், வாலில் அழுகல், முதுகு வளைசல்.

குழு கூடியது. ஜெயக்கொடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கனகா, நீ என்னடி போட்டே?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.  ஏழு பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். முப்பது வருஷத்தில் என் சமையலை ஒருத்தர் குறை சொன்னதில்லை.

"என்னைய ஏன் கேக்குறே? சனிக்கிழமை பையோட வந்து கரையில நின்னவளைக் கேளு" என்றேன்.

அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. ஆனால் நான் சொன்னது பொய்யில்லை. அவள் நின்றாள், பையோடுதான் நின்றாள்.

பூங்கோதை எழுந்துவிட்டாள். "செத்த மீனு ரெண்டு எடுத்துட்டுப் போனேன். மீன் ஆபீசுல ஆபிதா மேடத்துக்கிட்ட குடுத்து என்ன நோவுன்னு பாக்கச் சொன்னேன். வேணும்னா போன் போட்டுக் கேளுங்க" என்றாள். அதை ஏன் ஒளித்துக் கொண்டுபோனாய் என்று ஜெயக்கொடி கேட்டதற்கு, "சொல்லியிருந்தா அக்கா சண்டைக்கு வந்திருப்பாங்க" என்றாள்.

மேடம் நம்பர் என் போனில்தான் இருக்கிறது. போட்டேன். எடுக்கவில்லை என்று சொன்னேன்.

அன்றைக்கு அவள் சொன்ன பேச்சு எல்லாருக்கும் நினைவு வந்துவிட்டது. என்ன ஆவுதுன்னு பாருங்க என்றாளே. பார்த்தாயிற்று.

செப்டம்பர் 2, செவ்வாய்

விஷயம் ஊர் நாட்டாரிடம் போய்விட்டது. நான் கொண்டுபோகவில்லை, ஜெயக்கொடி கொண்டுபோனாள். பஞ்சாயத்து கூடும் வலைக்கூடத்தில் உட்கார்ந்து நாட்டார் சொன்ன முடிவு இது: பூங்கோதை குளத்துப் பக்கம் போகக் கூடாது. ஒரு மாதம் அந்தக் குடும்பத்தைத் தள்ளி வைத்துப் பார்ப்பது. யாரும் பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, அவர்கள் படகு இறங்கக் கூடாது. "அவ ஒதுங்கி நின்னதும் சாவு நின்னுதுன்னா, அவதான். நிக்கலன்னா அவ இல்ல. அப்புறம் கூடி முடிவு பண்ணுவோம்." விஷம் வைத்தது உறுதியானால் ஊரை விட்டே வெளியே.

என் வீட்டுக்காரர் வலைக்கூடத்திலிருந்து வந்து முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தள்ளி வைத்திருப்பது சொந்தத் தம்பியை. நான் சோறு போட்டேன். "நீ பாத்தியா கனகா? நெசமா பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

இருபத்தொன்று.

செப்டம்பர் 8, திங்கள்

முப்பத்து நான்கு. விடிந்ததும் குளத்துக்குப் போகக் கால் வரவில்லை. மேட்டில் ஏறும்வரை கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுகிறேன். மீனைப் பார்த்துப் பயப்படுகிற மீனவச்சி ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பவுடரை இரண்டு மடங்காகப் போட்டேன். கொதியில் நன்றாகக் கரைந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

குழாயடியில் செண்பகம் குடத்தோடு நின்றாள். மாதம் ஒன்பது ஆகப்போகிறது. வரிசையில் நின்ற பெண்கள் ஒருத்தியும் வழி விடவில்லை, ஒருத்தியும் பேசவில்லை. அவள் என்னைப் பார்த்து "பெரீம்மா" என்றாள். நான் பேசினால் எங்கள் வீட்டையும் தள்ளி வைப்பார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, குடம் காலி.

அவளுக்கு வலி எடுத்தால் எந்த ஆட்டோ வரும்? ஊரில் இருப்பது மூன்று ஆட்டோ. மூன்றும் ஊர்க்கட்டுக்கு அடங்கியவை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆபிதா மேடம் தானாகவே வந்துவிட்டார். பைக்கில் வந்து குளத்து மேட்டில் நிறுத்தியபோது, நான் தவலையைக் கழுவிக்கொண்டிருந்தேன். தவலை கையிலிருந்து நழுவிவிட்டது.

சின்னப் பெண்தான், என் மகள் வயது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டுப் பார்த்தார். தீவனத்தில் சேர்க்கும் மீன் எண்ணெயை முகர்ந்து பார்த்தார், கெட்டுப்போன சிக்கு வாடை இல்லை என்றார். மாவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அப்போதுதான் செத்த மீனைப் பலகையில் வைத்து அறுத்தார்.

"விஷமெல்லாம் இல்லம்மா. விஷம்னா ஒரே நாள்ல மொத்தமும் மிதக்கும். இறா, நண்டு எல்லாம் சேர்ந்து சாகும். அங்க பாருங்க, கரையோரம் இறா துள்ளிட்டிருக்கு."

கத்தி முனையால் முதுகெலும்பைக் காட்டினார். நடுவில் மடிந்திருந்தது. செவுளில் ரத்தப் பொட்டு. ஈரல் வெளுத்திருந்தது.

"இந்தப் புண்ணுல இருக்கிற கிருமி கழித் தண்ணியில எப்பவும் இருக்கறதுதான். தெம்பான மீனு அதைத் தாங்கிடும். இதுங்க உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்ல. வைட்டமின் சி கிடைக்காத மீனுக்கு இப்படித்தான் ஆகும். எலும்பு வளையும், புண்ணு ஆறாது, சாதாரணக் கிருமி கூட உள்ள பூந்துடும். கொடுவா அதைத் தானா உடம்புல செஞ்சுக்காது. நாம குடுக்கிற தீவனத்துலதான் கிடைக்கணும். பவுடர் போடறீங்களா?"

"தினம் போடறேன் மேடம். ஒரு நாள் தவறல."

"எப்போ போடுவீங்க?"

"கிண்டும்போது."

"சூட்டுல இல்லையே?"

அந்த நேரம் பார்த்து ஜெயக்கொடி டீ எடுத்துக்கொண்டு வந்தாள். பேச்சு மாறிவிட்டது. மேடம் கை கழுவுகிறபோது, என்ன நோவாம் என்று ஜெயக்கொடி கேட்டதற்கு, இன்னும் தெரியவில்லையாம் என்றேன். ஜெயக்கொடி போன பிறகு மேடம் மறுபடி கேட்டார். "ஆறவச்சுத்தான்" என்றேன்.

"அதான் கேட்டேன். சூட்டுல போட்டா அத்தனையும் அழிஞ்சிடும். போட்டும் போடாத கணக்கு. அப்ப பவுடர்லதான் கோளாறு இருக்கணும்" என்று பவுடர் பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கவரில் போட்டுக்கொண்டார்.

வண்டியில் ஏறும்போது, "ஐஸ் பெட்டியில வச்சு மீன் கொண்டாந்தாங்களே, அந்தம்மா எங்க? அவங்க கொண்டாரலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. பயிற்சிக்குப் போனதால வர லேட்டாயிடுச்சு, அவங்ககிட்ட சொல்லணும்" என்றார்.

வெளியூர் போயிருக்கிறாள் என்றேன்.

செப்டம்பர் 17, புதன்

இன்று தீவனத்தைப் பாயில் பரப்பி, ஆறிய பிறகு பவுடர் போட்டேன். வெயில் அதிகமாக இருந்ததால் கொஞ்சம் ஆறவிட்டேன், வேறொன்றுமில்லை.

இருபத்தேழு.

செப்டம்பர் 20, சனி

கொட்டகையில் நான் மட்டும்தான் கிண்டுகிறேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பிறகு எதற்கு யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் வாசலை எட்டிப் பார்க்கிறேன்?

சரி, எழுதிவிடுகிறேன். ஜூலை பதினான்காம் தேதி பூங்கோதை பின்னாலேயே வந்து ஏதேதோ சொன்னாள் என்று எழுதியிருக்கிறேன். அவள் ஏதேதோ சொல்லவில்லை. "அக்கா, பவுடர மட்டும் கொதியில போட்டுடாதீங்க, மொத நாள் வகுப்புல சொன்னாங்க, நீங்க அன்னிக்கி வரல. கை தாங்குற சூடு வந்தப்புறம்தான் போடணும்" என்றாள். இரண்டு முறை சொன்னாள். சமையல் எனக்கே சொல்லிக்கொடுக்கிறாயா என்று கேட்டேன்.

இப்போது எழுதிவிட்டேன். இந்த டைரியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அரிசிப் பானையில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பதினான்கு.

செப்டம்பர் 25, வியாழன்

மேடம் போன் செய்தார். பவுடர் சோதனை முடிந்ததாம். "பவுடர் நல்லாத்தான் இருக்கும்மா. எனக்கு ஒண்ணும் புரியல. சாவு குறையுதா?" என்றார். குறைகிறது என்றேன். குரலை அடக்கிச் சொன்னேன், இவர் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

இன்று ஆறு.

ஆறு என்று எழுதும்போதுதான் உறைத்தது. ஒரு மாதம் தள்ளி வைத்துப் பார்ப்போம், சாவு நின்றால் அவள்தான் என்று நாட்டார் சொல்லியிருக்கிறார். நான் தீவனத்தைச் சரியாகக் கிண்டக் கிண்ட மீன் பிழைக்கிறது. மீன் பிழைக்கப் பிழைக்கப் பூங்கோதை குற்றவாளி ஆகிறாள். திரும்பக் கொதியில் போட்டால் அவள் தப்பிப்பாள், குளம் செத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்கு நான் வாயைத் திறக்க வேண்டும்.

திறந்தால் என்ன ஆகும்? பொய் சாட்சி சொன்னவள் என்று என்னைத் தள்ளி வைப்பார்கள். இவர் என் முகத்தில் விழிப்பாரா? கல்யாணத்துக்குச் சமைக்க யார் கூப்பிடுவார்கள்? மீனைக் கொன்றவள் கை.  இரண்டு முறை கொல்லைக்குப் போய் வந்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

கொதிக்கும் தவலையின் மேல் பவுடர் கரண்டியை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இன்று ஒரு நாள் போட்டால் என்ன என்று நினைத்தேன்.

போடவில்லை. மீன் என்ன பாவம் செய்தது?

அக்டோபர் 3, வெள்ளி

சாவு இல்லை.

அக்டோபர் 4, சனி

இன்றும் இல்லை. ஜெயக்கொடி அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். "பாத்தியாடி, அவளைத் தள்ளி வச்சதும் கொளம் தெளிஞ்சிருச்சு" என்று எல்லார் கையிலும் பொங்கல் வைத்தாள். எனக்குக் கூடுதலாக வைத்தாள். வரும் வழியில் காக்காய்க்கு வைத்துவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

இவர் கரையில் தம்பியைப் பார்த்தாராம். தம்பி படகை மணலில் ஏற்றிவிட்டு அதன் நிழலில் உட்கார்ந்திருந்தானாம். ஐந்து வாரமாகக் கடலுக்குப் போகவில்லை. "அண்ணே, வீட்டுல அரிசி இல்ல, புள்ளத்தாச்சி இருக்கா" என்றானாம். இவர் பதில் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டார். சொல்லிவிட்டு அழுதார். இந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். "இந்தாங்க" என்று ஆரம்பித்தேன். என்ன என்றார். குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம். நான் சாட்சி. நாட்டார் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அக்டோபர் 11, சனி

சாவு இல்லை. மழை.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வலைக்கூடம். ஆண்கள் உள்ளே தரையில், பெண்கள் வெளியே தென்னை மர ஓரம். பூங்கோதையும் புருஷனும் நடுவில் தனியாக நின்றார்கள். அவள் இளைத்துவிட்டாள். கழுத்தெலும்பு தெரிகிறது. செண்பகத்தை யாரிடம் விட்டுவிட்டு வந்திருப்பாள்? விட ஆள் ஏது?

நாட்டார் நிதானமான மனுஷர், கத்த மாட்டார். "கொளத்துல சாவு நின்னு பத்து நாளாவுது. அவ ஒதுங்குனதும் நின்னுருச்சு. நாம வச்ச சோதனைக்கு விடை கெடைச்சிருச்சு" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "கனகவல்லி, பையோட அந்தப் புள்ள கரையில நின்னத பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

அவ்வளவுதான் கேள்வி. நான் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். நாட்டார் பூங்கோதை பக்கம் திரும்பி, "நீ ஏதாச்சும் சொல்றியா?" என்று கேட்டார்.

அவள் நாட்டாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நான் சொல்ல வேண்டியத அன்னிக்கே சொல்லிட்டேன். ஒருத்தி காதுல ரெண்டு தரம் சொன்னேன்" என்றாள். 

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மேடத்திடம் மீனைக் கொடுத்த அன்றே தெரிந்திருக்கும். அப்படியானால் ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை? சொன்னாலும் யார் நம்பியிருப்பார்கள்? நான் சமையல்காரி, அவள் விஷம் வைத்தவள்.

நாட்டார் தொண்டையைச் செருமினார். முடிவு சொல்லப்போகிறார்.   பயம் போகட்டும், அப்புறம் பேசலாம் என்று ஒரு மாதமாகக் காத்திருந்தேன். அது போகிற பயம் இல்லை என்று அங்கே நிற்கும்போதுதான் தெரிந்தது. நடுங்கிக்கொண்டேதான் பேசினேன்.

"தேதி தப்பு" என்றேன்.

"என்ன தேதி?"

"அவளைத் தள்ளி வச்சது செப்டம்பர் ரெண்டு. அதுக்கப்புறம்தான் சாவு சாஸ்தி. பதினஞ்சு நாள்ல முந்நூத்துப் பத்து செத்துது. அவ கொளத்துப் பக்கமே வரல. பதினேழாந் தேதி நான் தீவனத்த மாத்துனேன். அதுக்கப்புறம்தான் கொறைஞ்சு நின்னுது."

"என்னத்த மாத்துனே?"

"வைட்டமின் பவுடரக் கொதியில போட்டுக்கிட்டிருந்தேன். ஆறவச்சுப் போட ஆரம்பிச்சேன்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். "கொதியில போட்டா மீனு சாவுமா? குழம்புல புளி எப்ப ஊத்துறதுன்னா இங்க பஞ்சாயத்து?" என்று ஒரு குரல். இன்னும் நாலைந்து பேர் சிரித்தார்கள். நாட்டாரும் என்னை இரக்கமாகத்தான் பார்த்தார். ஓரகத்திக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"ஒறவுக்காக மனசு எளகாத கனகவல்லி" என்றார்.

பொய் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னால் சிரிக்கிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. போனை எடுத்து ஆபிதா மேடத்துக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எடுத்தார். குழு கூடிய அன்றைக்கும் போட்டிருந்தால் எடுத்திருப்பார். போட்டேன் என்று இங்கே எழுதியது பொய். அன்றைக்கு நான் போடவே இல்லை, வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். அதையும் கூட்டத்தில் சொன்னேன்.

"மேடம், நான் பொய் சொன்னேன். பவுடரக் கொதியிலதான் போட்டேன். ரெண்டு மாசம் போட்டேன்."

 "ஐயோ, அம்மா" என்றார் மேடம். மேற்கொண்டு நாட்டார் கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொன்னார். விஷம் இல்லை என்றார். சூட்டில் அந்தச் சத்து அழிந்துவிடும், அது இல்லாத மீனுக்குக் கிருமியைத் தாங்கும் சக்தி இருக்காது என்றார். பூங்கோதை ஆகஸ்டு முப்பதாம் தேதி சாயங்காலம் ஐஸ் பெட்டியில் மீன் கொண்டுவந்ததைப் பதிவேட்டில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். பிழைத்த மீன்களில் வளைந்தவை வளைந்தபடிதான் இருக்கும், அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. இவர் எழுந்தார். என் பக்கம் வருகிறார் என்று நினைத்தேன். தம்பி பக்கம் போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

நாட்டார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர்கள் மேல் இருந்த கட்டு இந்த நிமிஷமே எடுத்தாயிற்று என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் மொதல்லயே சொல்லல?" என்று கேட்டார்.

"பயம்" என்றேன். 

என்னைத் தள்ளி வைப்பதா என்று பேச்சு வந்தது. ஜெயக்கொடி முந்திக்கொண்டு, "ஊரு தள்ளி வைக்குதோ இல்லியோ, கொளத்துப் பக்கம் இவ வரக் கூடாது" என்றாள். நேற்று வரை கை ராசி என்றவள். அவளைக் குறை சொல்லி என்ன?

அப்போது பூங்கோதை வாயைத் திறந்தாள். "யாரையும் தள்ளி வைக்க வேணாம். தள்ளி வச்சா எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு ஜெயக்கொடியிடம், "கிண்டுறது அதே கிண்டட்டும். சமைச்சுப் பழகுன கை. பவுடரு எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள்.

என்னை அது என்றாள். அப்படியே நடந்து போய்விட்டாள்.

இவர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. தம்பியோடு படகைத் தள்ளப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அக்டோபர் 13, திங்கள்

ஆறு மணிக்குக் கொட்டகையில் அடுப்பு மூட்டினேன்.  ஏழே காலுக்குப் பூங்கோதை வந்தாள். மடியில் பவுடர் டப்பா. எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

தவலையை இறக்கிப் பாயில் கொட்டிப் பரப்பினேன். ஆவி அடங்கக் காத்திருந்தோம். அரை மணி நேரம் இருக்கும். செண்பகத்துக்கு வலி எடுத்தால் எனக்குச் சொல்லி அனுப்பு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.  அவள் ஏதாவது திட்டினால் தேவலை என்று இருந்தது. 

அவள் கை வைத்துப் பார்த்தாள். உட்கார்ந்தாள். மறுபடி கை வைத்துப் பார்த்தாள். பிறகு டப்பாவைத் திறந்து, அளந்து, பவுடரைத் தூவினாள்.

"கிண்டு" என்றாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அவள் வாயிலிருந்து அக்கா இல்லாமல் எனக்கு ஒரு வார்த்தை வந்ததில்லை.

கிண்டினேன்.